செத்த காலேஜுக்கு இணையத்தில் போவது எப்படி: முன்வாசலை விடுங்கள், கிடங்கு வழியாக உள்ளே வாருங்கள்

பழைய சென்னைக்காரர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்பார்கள், மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். பாடம் பண்ணிய புலியும் பெட்டிக்குள் குத்திவைத்த வண்ணத்துப்பூச்சியும் இருக்கிற இடத்தை நம் ஆட்கள் காலேஜ் என்று சொல்லியிருக்கிறார்கள், அதாவது அது வேடிக்கை பார்த்துவிட்டு வருகிற இடமாக மட்டும் இல்லாமல் படிக்கிற இடமாகவும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று லண்டன், வாஷிங்டன், பெர்லின், சிட்னி என்று எல்லா ஊர் செத்த காலேஜும் நம் போனுக்குள் இருக்கின்றன, காசு கிடையாது, க்யூ கிடையாது. ஆனால் பெரும்பாலானவர்கள் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். போகிற வழி தவறு என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2020 ஊரடங்கில் வாட்ஸ்அப் முழுக்க வர்ச்சுவல் டூர் லிங்குகளாகச் சுற்றின, ஞாபகம் இருக்கிறதா? என் அக்கா மகளை மடியில் உட்காரவைத்து நானும் ஒன்றைத் திறந்தேன். அம்புக்குறியை அழுத்தினால் ஒரு கூடம், மறுபடி அழுத்தினால் இன்னொரு கூடம், கண்ணாடிப் பெட்டியில் விளக்கு வெளிச்சம் அடித்து உள்ளே இருப்பது தெரியவில்லை, பக்கத்தில் இருக்கும் விளக்கப் பலகையை எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து கலங்கித்தான் இருந்தது. "சித்தி, இது மேப்ல ரோடு பாக்குற மாதிரியே இருக்கு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அந்த டூர்கள் கட்டடத்தைக் காட்டுகின்றன, பொருளைக் காட்டுவதில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சுமார் 8 கோடி மாதிரிகள் இருக்கின்றன. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 14 கோடிக்கு மேல். நேரில் போனாலும் இதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கண்ணில் படாது, மீதி எல்லாம் கிடங்கில், இழுப்பறைகளில், சாராய ஜாடிகளில் இருக்கிறது. இணையத்தில் மட்டும்தான் அந்தக் கிடங்குக் கதவு நமக்கும் திறக்கும். அதனால் முதல் விதி: எந்த அருங்காட்சியகத் தளத்துக்குப் போனாலும் டூர் என்ற பட்டனை விட்டுவிட்டு கலெக்‌ஷன்ஸ் என்று எழுதியிருப்பதைத் தேடி அழுத்துங்கள்.

இரண்டாவது விதி, உள்ளே போகும் முன்னாலேயே ஒரே ஒரு பொருளை முடிவு செய்துகொள்ளுங்கள். டைனோசர் என்று போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும், மூச்சு முட்டும். உங்கள் ஊர்க் குளத்தில், உங்கள் வீட்டுச் சமையலறையில், அப்பா பழுதுபார்க்கும் கடையில் இருக்கும் ஒன்றாக இருந்தால் நல்லது. நான் ஒரு மீனை வைத்துச் செய்து காட்டுகிறேன், அப்புறம் நீங்கள் உங்கள் பொருளை வைத்துச் செய்து பாருங்கள்.

பனையேறிக் கெண்டை, ஒரு முழுப் பயணம்

பனையேறிக் கெண்டை தெரியும் இல்லையா, குளம் குட்டையில் இருக்கும், பிடித்துப் போட்டாலும் வெகு நேரம் சாகாமல் துள்ளிக்கொண்டே கிடக்கும். செவுளுக்கு மேலே ஒரு மடிப்பு மடிப்பான உறுப்பு இருக்கிறது, அதை வைத்துக் காற்றிலிருந்தே மூச்சு வாங்கும், அதனால் உடம்பில் ஈரம் இருக்கும்வரை தாங்கும்.

முதலில் அதன் லத்தீன் பெயர் வேண்டும், ஏனென்றால் உலகத்தின் எந்தக் கிடங்கிலும் பொருளை அந்தப் பெயரில்தான் அடுக்கியிருப்பார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் மீனின் பக்கத்தைத் திறந்தால் வலது ஓரப் பெட்டியில் இருக்கும்: அனாபாஸ் டெஸ்டுடினியஸ். அதை ஆங்கில எழுத்தில் அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள், நீங்களாக டைப் செய்ய வேண்டாம், ஒரு எழுத்து பிசகினால் ஒன்றுமே வராது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பிளாக், 1792 என்று இருக்கும். அந்த மீனுக்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவரும் ஆண்டும் அது. பிளாக் பெர்லினில் இருந்த ஒரு மருத்துவர். இந்த மீன் ஜப்பானிலிருந்து வந்தது என்று தவறாக எழுதிவைத்தார், அந்தத் தவறு இன்றும் பட்டியல்களில் தவறு என்ற குறிப்போடு நிற்கிறது. அந்தக் காலத்தில் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் இங்கிருந்து மீன்களைப் பிடித்துப் பிடித்து பெர்லினுக்கு அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஜானியஸ் என்ற மீன் பேரினம் அந்த ஜான் பெயரில் வைத்ததுதான்.

இப்போது பல்லுயிர் மரபு நூலகம் என்ற தளத்துக்குப் போங்கள். ஆங்கிலத்தில் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்று தேடினால் முதலில் வந்து நிற்கும். அருங்காட்சியகங்களும் தாவரவியல் தோட்டங்களும் தங்கள் பழைய இயற்கை வரலாற்று நூல்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருக்கிற இடம், 2006இல் தொடங்கியது, கோடிக்கணக்கான பக்கங்கள். லத்தீன் பெயரைப் போட்டால் அந்தப் பெயர் வருகிற பக்கங்களை எல்லாம் புத்தக வாரியாக எடுத்துக் கொடுக்கும். அதில் பிரான்சிஸ் டே எழுதிய இந்திய மீன்கள் பற்றிய நூலைத் திறங்கள், 1875 முதல் 1878 வரை வந்தது. டே மதராஸ் படையில் மருத்துவராக இருந்தவர். ஒவ்வொரு மீனுக்கும் அவர் நாட்டுப் பெயர்களையும் கேட்டு எழுதியிருக்கிறார், தமிழ்ப் பெயருக்குப் பின்னால் டாம் என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் இருக்கும். நம் மீனுக்குப் பனையேறி என்பதை ஆங்கிலக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதைப் பார்க்கலாம். வாய்விட்டுப் படியுங்கள், கண்ணால் படித்தால் பிடிபடாது. பக்கத்துப் பக்கமாகப் புரட்டி மற்ற தமிழ்ப் பெயர்களையும் இப்படிச் சத்தமாகப் படித்தால் 150 வருடத்துக்கு முந்தைய மீனவர் ஒருவர் டேயிடம் பெயர் சொல்வது கேட்பது மாதிரியே இருக்கும். எனக்கு அந்த இடத்தில் எப்போதும் மயிர்க்கூச்செறியும்.

அதே நூலகத்தில் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1797இல் வந்த ஒரு சிறு குறிப்பும் இருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் எழுதியது. 1791 நவம்பரில், குளத்தோரம் நின்ற ஒரு பனையின் பட்டை வெடிப்பில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில், இந்த மீன் இன்னும் மேலே ஏற முயன்றுகொண்டிருந்ததாகச் சொல்கிறார். பின்னால் வந்தவர்கள் மரம் ஏறும் என்பதைச் சந்தேகப்பட்டார்கள், பறவை கொத்திக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கலாம் என்றார்கள். தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி நகரும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. நம் முன்னோர் பெயரை வைத்தே விட்டார்கள், அவர்கள் என்ன பார்த்தார்களோ என்று யோசிக்க யோசிக்க நேரம் போவதே தெரியாது.

சரி, இப்போது அசல் மீன். ஜிபிஃப் (GBIF) என்ற தளத்துக்குப் போங்கள், உலக அருங்காட்சியகங்களின் மாதிரிப் பதிவுகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துத் தருகிறது, 2001இல் ஆரம்பித்தது, தலைமையகம் கோபன்ஹேகனில், பதிவுகள் 200 கோடியைத் தாண்டிவிட்டன. அதே லத்தீன் பெயரைப் போட்டதும் ஒரு வரைபடம் வரும், அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வடிகட்டும் பட்டியலைத் திறந்து, பாதுகாக்கப்பட்ட மாதிரி என்று பொருள்படும் ப்ரிசர்வ்டு ஸ்பெசிமன் என்பதையும் நாடு இந்தியா என்பதையும் தேர்வு செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் போன வாரம் யாரோ போனில் எடுத்துப் போட்ட படங்களும் சேர்ந்து வந்து குழப்பும். வடிகட்டிய பிறகு வருகிற ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு ஜாடி. எந்த அருங்காட்சியகம், என்ன எண், யார் பிடித்தது, எந்த ஆண்டு என்று இருக்கும்.

இதே வடிகட்டியை வைத்துச் சேகரித்தவர் பெயராக டே என்று போட்டு வேறு மீன்களையும் தேடிப் பாருங்கள், பல மீன்கள் சிட்னியில் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியும். மதராஸில் பிடித்த மீன் சிட்னிக்கு எப்படிப் போனது என்றால், லண்டன் அருங்காட்சியகத்தில் மீன் பிரிவில் இருந்த குந்தருக்கும் டேக்கும் ஆகாது, இருவரும் ஒருவரை ஒருவர் எழுத்திலேயே தாக்கிக்கொண்டார்கள், கடைசியில் 1880களில் டே தன் சேகரிப்பில் பெரும் பகுதியை சிட்னிக்கு விற்றுவிட்டார். இரண்டு பேர் சண்டையில் நம் ஊர் மீன் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

ஊர்ப் பெயரில் தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: மாதிரிகளோடு வைத்திருக்கும் பழைய விவரச் சீட்டுகளில் நாம் இன்று எழுதுகிற பெயர் இருக்காது. சென்னைக்கு மதராஸ், திருச்சிக்கு ட்ரிச்சினோப்போலி, நெல்லைக்கு டின்னவெல்லி, தரங்கம்பாடிக்கு ட்ராங்க்யூபார், தூத்துக்குடிக்கு டூட்டிக்கோரின், நீலகிரிக்கு நீல்கெர்ரி. அதுவும் ஒரே ஊருக்கு நாலு விதமாக எழுதியிருப்பார்கள், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். வரைபடத்தில் இருக்கும் புள்ளியை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பழைய சீட்டில் மதராஸ் என்று ஒரே சொல்தான் இருக்கும், அதற்கு அட்சரேகை தீர்க்கரேகை பின்னால் யாரோ உட்கார்ந்து போட்டது, சில குளத்து மீன்கள் கடலுக்கு நடுவில் நிற்கும்.

படத்தின் அடி ஓரம்

பழைய நூல்களில் ஓவியத் தகடுகளைப் பார்க்கும்போது படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள், அடி ஓரத்தைப் பெரிதாக்குங்கள். வரைந்தவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும், பெயருக்குப் பின் டெல் என்று வந்தால் இவர் வரைந்தது என்று அர்த்தம், லத்தீன் சுருக்கம். ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத் தொகுதிகள் அதே நூலகத்தில் இருக்கின்றன, அவற்றில் இந்த இடத்தில் ரங்கையா என்ற பெயரைக் காணலாம், பிற்பாடு கோவிந்து. இருவரும் தெலுங்கு பேசும் ஓவியர்கள், வைட்டிடம் வேலை பார்த்தவர்கள். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார், கோவிந்தூயியா என்று. ஆயிரக்கணக்கான செடிகளை இலை நரம்பு உட்பட வரைந்த கை யாருடையது என்று தெரிந்துகொண்டு பார்க்கிற படம் வேறு மாதிரிதான் தெரிகிறது.

எலும்புக்கும் இதே பழக்கம் வேண்டும், எங்கிருந்து வந்தது என்ற வரியை விடாமல் படியுங்கள். பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 13.27 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற ஜிராஃபடைட்டன், கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சரில் 360 டிகிரி வீடியோவாகத் தோல் போர்த்தித் தலை திருப்பிப் பார்க்கும், குழந்தைகள் வாயைப் பிளப்பார்கள். அந்த எலும்புகள் 1909 முதல் 1913 வரை இன்றைய தான்சானியாவில் டெண்டகுருவில் தோண்டியவை, அன்று அது ஜெர்மன் காலனி, தோண்டியதும் தலையில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுவந்ததும் அந்த ஊர் மக்கள். இதையும் சேர்த்தே குழந்தைக்குச் சொல்லுங்கள்.

உருட்டிப் பார்க்கிற பொருள்கள்

இயந்திரம், விண்வெளி பிடிக்கிறவர்களுக்கு ஸ்மித்சோனியனின் முப்பரிமாணத் தளம். இதற்கு மட்டும் வைஃபை வேண்டும், மொபைல் டேட்டாவில் திறந்தால் அன்றைய கணக்கு அங்கேயே காலி. அப்பல்லோ 11இன் கொலம்பியா கலம் அங்கே இருக்கிறது, மூன்று பேரை 1969 ஜூலையில் நிலவு வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. நேரில் போகிறவர்களுக்குக் கலத்தின் வெளிப்புறம்தான், உள்ளே யாரையும் விடமாட்டார்கள். 2016இல் உள்பக்கத்தையும் ஸ்கேன் செய்து வெளியிட்டார்கள், அப்போதுதான் சுவரில் கையால் எழுதிய குறிப்புகள் பல வெளியே தெரிந்தன. விரலால் மெல்ல உருட்டி உள்ளே போய் ஒரு சின்ன நாள்காட்டியைத் தேடுங்கள். ஜூலை 16இலிருந்து ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், பூமியில் இறங்கிய நாள் மட்டும் அடிக்காமல் இருக்கிறது. நம் வீட்டில் தினசரி காலண்டர் கிழிப்போமே, அந்த மாதிரி ஒரு பழக்கம் நிலவுக்குப் போன மூன்று பேருக்கும் இருந்திருக்கிறது. இரண்டு மணி நேர வீடியோ சொல்லாததை அந்தக் கட்டங்கள் சொல்லும்.

ரைட் சகோதரர்களின் 1903 விமானமும் அங்கே உண்டு. டிசம்பர் 17 அன்று முதல் முறை 12 வினாடி, 120 அடி பறந்தது. குழந்தையிடம் இதை உருட்டக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒரே நீளமா? வலது இறக்கை ஏறத்தாழ நான்கு அங்குலம் நீளம் அதிகம். ஓட்டுபவர் ஒரு பக்கம் படுத்திருக்க, மறுபக்கம் எஞ்சின், எஞ்சின் ஆளைவிடக் கனம், அதைத் தூக்கிப்பிடிக்க அந்தப் பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் நீட்டிவிட்டார்கள். இப்படி ஒரு கேள்வியோடு உள்ளே போனால் அரை மணி நேரம் உட்கார்வார்கள், கேள்வி இல்லாமல் போனால் பொம்மை மாதிரி நாலு சுற்றுச் சுற்றிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

திமிங்கலத்துக்கு லண்டன் தளத்தில் ஹோப் என்ற நீலத்திமிங்கல எலும்புக்கூடு. 1891இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் கரை ஒதுங்கியது, 25.2 மீட்டர், 2017 முதல் நடுக்கூடத்தில் பாய்கிற மாதிரி தொங்குகிறது. துடுப்புக்குள்ளே விரல் எலும்புகள் இருக்கும், அதைப் பாருங்கள், நம் கை மாதிரியே. அப்புறம் அடுத்த ஞாயிறு எழும்பூருக்குப் போய் அங்கே இருக்கிற திமிங்கலத்தின் துடுப்பிலும் அதையே தேடுங்கள். இணையத்தில் பார்த்த பிறகு நேரில் பார்ப்பதுதான் இதில் பாதி சுகம்.

கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறவர்களுக்குக் கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம். போட்டோஷாப்பின் முதல் பதிப்பினுடைய மூல நிரலை 2013இல் அப்படியே வெளியிட்டார்கள், சுமார் 1,28,000 வரி, முக்கால்வாசி பாஸ்கல் மொழியில். வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது, படிக்கலாம். துறை முன்னோடிகளின் நேர்காணல்கள் எழுத்து வடிவத்திலும் நிறைய இருக்கின்றன.

பார்க்க மட்டும் போதாது, கையால் செய்ய வேண்டும் என்றால் சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம். 1969இல் பிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கியது. சயன்ஸ் ஸ்நாக்ஸ் என்ற பகுதியில் அங்கே கூடத்தில் இருக்கிற காட்சிப்பொருள்களை வீட்டில் இருக்கும் சாமானை வைத்துச் செய்யக் கற்றுத் தருகிறார்கள். ஒன்றை இப்போதே செய்து பாருங்கள். வெள்ளை அட்டையில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 செ.மீ. தள்ளி வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி அட்டையைக் கை நீளத்திலிருந்து மெல்ல முகத்துக்குக் கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும், இன்னும் கிட்டே வந்தால் மறுபடி வரும். கண்ணிலிருந்து நரம்பு வெளியேறுகிற இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது, புள்ளியின் பிம்பம் சரியாக அங்கே விழுகிறது. என் அக்கா மகள் அன்று முழுக்க வீட்டுக்கு வந்த எல்லோரையும் ஒரு கண்ணை மூடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எடுத்து வைத்துக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது

படங்களை எடுத்துப் பயன்படுத்தலாமா என்று ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களை சிசி ஜீரோ என்ற உரிமத்தில் திறந்துவிட்டது, இப்போது அது 50 லட்சத்துக்கு மேல். அந்தக் குறி இருந்தால் அச்சடிக்கலாம், பாடத்தில் போடலாம், யூடியூபில் போடலாம், கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரே தளத்திலேயே ஒரு படத்துக்கு ஒரு உரிமம் இன்னொரு படத்துக்கு வேறு உரிமம் இருக்கும், ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கீழே உரிமை பற்றிய வரியைப் படித்துவிட்டே எடுங்கள். எடுத்ததும் முதல் வேலையாகப் பதிவு எண்ணை ஃபைல் பெயராக வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து அது எங்கே கிடைத்தது என்று உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. பிரவுசரின் தமிழ் மொழிபெயர்ப்பு விளக்கங்களைப் படிக்கப் போதும், பெயர்களை மட்டும் கண்டபடி மாற்றிவிடும், பெயருக்கு அசல் பக்கத்தையே பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நிறையப் பேர் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. பழைய கையெழுத்துச் சீட்டுகளில் இருக்கும் நம் ஊர்ப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் அங்கே உட்கார்ந்து டைப் செய்கிறவர்களுக்குப் புரிவதில்லை, நமக்குப் பார்த்ததும் புரியும். ஒரு அருங்காட்சியகப் பதிவில் மலை ஊர் ஒன்றின் பெயரில் ஒரு எழுத்து மாறி, வரைபடத்தில் புள்ளி வேறு மாநிலத்தில் நின்றது. அந்தப் பக்கத்தில் இருந்த தொடர்பு முகவரிக்கு மெயில் போட்டேன், மூன்று வாரத்தில் நன்றி சொல்லித் திருத்திவிட்டார்கள். பெரிய கடிதம் எல்லாம் வேண்டாம், ஆங்கிலமும் எளிமையாக இருந்தால் போதும்: பதிவு எண், இப்போது அங்கே இருக்கிற எழுத்து, இருக்க வேண்டிய எழுத்து, அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வரி.